மூடிக்கு அடியில் சிவப்பு அம்பு

எழுபதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில் சில வீதிகளின் குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையை ஒரு கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். அவரிடம் தினக்கூலிக்கு இரண்டு பேர். ஒருவர் பல வருஷமாக அதையே செய்துகொண்டிருந்தவர். பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு, சைக்கிளில் வருவார். இன்னொருவன் நான். எட்டாம் வகுப்போடு நின்று, சேலத்தில் லாரி கழுவி, பெங்களூரில் ஓட்டலில் மாவாட்டி, மதுரையில் போர்டு எழுதுகிறவரிடம் பெயின்ட் டப்பா தூக்கி, சலித்த ஊரையெல்லாம் விட்டுவிட்டு வந்தவன்.

பார்த்தால் சுலபமான வேலை. தெருவில் இருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் இருக்கும் வால்வில் நீளமான சாவியை மாட்டித் திருக வேண்டும். ஆனால் வால்வுகள் ஒரே மாதிரி இல்லை. பெரும்பாலானவை இடப்பக்கம் திருகினால் திறக்கும். யாரோ எப்போதோ மாற்றிய சில, வலப்பக்கம் திருகினால்தான் திறக்கும். ஒன்றை முழுக்க மூடினால் அப்புறம் லேசில் அசையாது. கோடையில் கிட்டத்து வீதியை முழுசாகத் திறந்தால் கடைசி வீதிக்குத் தண்ணீர் எட்டாது. இதெல்லாம் எந்தக் காகிதத்திலும் கிடையாது. அவர் தலைக்குள் இருந்தது.

அவர் அதை ஒளித்து வைக்கவில்லை, வலியச் சொல்லவும் இல்லை. எனக்குச் சுலபமான வால்வுகளைக் கொடுத்துவிட்டு மற்றதைத் தானே பார்த்துக்கொண்டார். அவ்வப்போது கான்ட்ராக்டரிடம் போய்க் கூலி ஏற்றிக் கேட்பார். கான்ட்ராக்டர் முனகிக்கொண்டே ஏற்றுவார். அவர் இல்லாமல் ஆகாது என்பது இருவருக்கும் தெரியும்.

ஒரு சித்திரையில் அவர் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். எல்லா வால்வும் என் தலையில் விழுந்தன. முதல் நாளே உத்திர வீதியில் ஒன்றைத் திறப்பதாக நினைத்து மூடிவிட்டேன். தண்ணீர் வரவில்லை என்றதும் மறுநாள் அதே பக்கம் இன்னும் பலமாகத் திருகினேன். அதற்கடுத்த காலையில் குடங்களோடு சூழ்ந்துகொண்டார்கள்.

“ஏண்டாப்பா, ஆத்துல ஒரு பொட்டு ஜலம் இல்லை. பெருமாளுக்குத் தளிகை பண்ண வேண்டாமா?” என்றார் ஒரு மாமி.

“எல்லாத்தையும் கொள்ளிடத்துக்குத் திறந்துவிட்டுட்டான் போலருக்கு” என்றார் இன்னொரு மாமி. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வழியை மட்டும் விடவில்லை.

அன்று மத்தியானமே பாலக்கரைக்குப் போனேன். கண்ணெல்லாம் மஞ்சளாக, கீழாநெல்லியும் மோருமாகப் பாயில் கிடந்தார். நடந்ததைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மாமிங்ககிட்ட மாட்டிக்கிட்டியா? அடப் பாவி, அது ஏடாகூட வால்வுடா. சோத்துக்கைப் பக்கம் திருகணும்.”

“மத்ததையும் சொல்லுங்கண்ணே.”

சொன்னார். வீதி வீதியாக, கண்ணை மூடிக்கொண்டு, கையைக் காற்றில் திருகித் திருகிக் காட்டினார். “டாக்டர் பேசக்கூடாதுன்னாரு” என்றார் அவர் மனைவி.

“நம்ம பயடி. தெருவுல நின்னு திட்டு வாங்கட்டும்ங்கிறியா?”

எனக்கு அவ்வளவும் தலையில் தங்காது. ஒரு ஊரிலும் தங்காதவனுக்கு எதையும் மனப்பாடம் செய்து பழக்கமில்லை. ஒரு டப்பா சிவப்பு பெயின்ட் வாங்கினேன். ஒவ்வொரு மூடியின் அடிப்பக்கத்திலும் எந்தப் பக்கம் திருகுவது என்று அம்பு போட்டு, எத்தனை சுற்று, எதற்குப் பிறகு எது என்று எழுதினேன். போர்டு எழுதப் பழகிய கை, எழுத்து அழகாகவே வந்தது. தண்ணீரும் வந்தது. கடைசி வீதியில் ஒரு வீட்டில் கூப்பிட்டுக் காபி கொடுத்தார்கள். சுற்றிப் பார்க்க வந்த கான்ட்ராக்டர் ஒரு மூடியைத் திருப்பிப் படித்துவிட்டு என் தோளில் தட்டினார்.

“படிக்காத பயன்னு நெனச்சேன். பெரிய வேலை பண்ணியிருக்கியே!”

எனக்குப் பெருமையாக இருந்தது.

சட்டை தொளதொளக்க அவர் திரும்பி வந்தபோது கோடை வெயில் குறைந்திருந்தது. முதல் மூடியைத் தூக்கியவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“யாரு எழுதினா?”

“நான்தாண்ணே. நீங்க சொன்னதுதான்.”

“உனக்குச் சொன்னேன்” என்றார். மூடியைக் கீழே வைத்தார். “எழுத்து நல்லாத்தான் இருக்கு.”

அந்த வாரமே கான்ட்ராக்டர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன்.

“உடம்பு தேறட்டும், வீட்ல இருங்க. நம்ம முசிறிப் பக்கத்துப் பசங்க ரெண்டு பேர் சும்மா இருக்காங்க. இவனோட சேந்து அவங்க பாத்துப்பாங்க.”

“அவங்களுக்கு என்னங்க தெரியும்?”

“என்ன தெரியணும்? அதான் எழுதியிருக்கே.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம்தான் கேட்டது.

எழுதலாமாண்ணே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுது என்றே சொல்லியிருப்பார், அப்படிப்பட்ட மனுஷர்தான். ஆனால் அதற்கு முன்னால் தனக்கு ஒரு வழியைக் கான்ட்ராக்டரிடம் பேசி வைத்துக்கொண்டிருப்பார். அதற்கு நான் இடம் வைக்கவில்லை. அம்பு போட்ட பிறகு ஒரு வீதியும் காயவில்லை என்பது உண்மை. அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு தூக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். “தூங்குறாரு” என்று அவர் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே அவர் யாரோடோ பேசுவது கேட்டது. பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஒரு பழைய கத்தியோடு உத்திர வீதிக்குப் போய், மூடியைப் புரட்டிப் போட்டுப் பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தேன். எழுத்து போய்விட்டால் அவரைத் திரும்பக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பாதி அம்பு போயிருந்தபோது முசிறிக்காரர்களில் மூத்தவன் சாவியோடு வந்தான். மூடியைப் பார்க்கவே இல்லை. சாவியை மாட்டி, நேராகச் சோத்துக்கைப் பக்கம் திருகினான். குழிக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் வந்தது.

“பெயின்ட் உரியுதாண்ணே? விடுங்க. எனக்கு எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. தம்பிக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்.”

அவனோடு ஒரு கை பிடித்து மூடியைத் தூக்கி வைத்தேன். அன்றைக்கே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கரூர் பஸ் ஏறினேன். பாலக்கரைப் பக்கம் போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை.