கடைசி வீட்டுக் குழாய்

குழாயைத் திறந்ததும் முதலில் வருவது தண்ணீர் அல்ல, "உஸ்ஸ்" என்று ஒரு மூச்சு. எந்த ஊர் விடுதியில் அதைக் கேட்டாலும் என் வலது காது சில்லிட்டுப்போகிறது. விஸ்வநத்தத்தில் எங்கள் தெருக்குழாயின் இரும்பில் பக்கத்து வீட்டுச் செல்வியும் நானும் மாறி மாறிக் காது வைத்துக் கிடந்த காலைகளின் குளிர் அது.

தாமிரபரணித் தண்ணீர் கரிசலுக்கு அடியில் பெருங்குழாயில் அம்புட்டுத் தூரம் வந்து, மேல்நிலைத் தொட்டியில் ஏறி, பிறகு தன் எடையாலேயே தெருத்தெருவாக இறங்கும்; வாரத்துக்கு ஒருமுறை, விடிந்து ஒரு மணி நேரம். காலிக் குழாயில் அடைந்திருந்த காற்றை அது முன்னே தள்ளிக்கொண்டு வரும் சத்தத்தை வைத்தே செல்வி சொல்லிவிடுவாள்: "ஏட்டி, கோயில் முக்குத் திரும்பிருச்சு, கொடத்த எடு."

வேகம் செத்த தண்ணீர் மேலே ஏறாது என்பதால் வீட்டுக்கு வீடு வாசலில் குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கி, படி வைத்து இறங்கிப் பிடிப்போம்; "தண்ணிக்குழி". எவர் குழி ஆழமோ அவர் பக்கம் தண்ணீர் சாயும். தெருவின் கடைசி வீடு செல்வியுடையது. முழத்துக்குக் கீழே பாறை, தோண்ட வழியில்லை. அதற்கு முந்தின வீடு எங்களுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கள் குழியை இடுப்பளவிலிருந்து கழுத்தளவுக்கு இறக்கினார். மண் சுமந்தது நான்தான், பாட்டுப் பாடிக்கொண்டு. அடுத்த முறை எங்கள் குடங்கள் நுரைத்து நிரம்பின. செல்வி வீட்டில் "உஸ்ஸ்" மட்டும்.

பட்டாசுக் கம்பெனியில் திரி செருகும் செல்வியின் அம்மா, மருந்து படிந்த சாம்பல் நிறக் கைகளோடு வந்து நின்றார்.

"அண்ணே, எங்க குழாய்ல காத்துதான் வருது. காத்தப் புடிச்சு நான் என்ன பலூனா விக்கப்போறேன்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"உங்க வீடு மேடு தாயி, நாங்க என்ன செய்ய?" என்றார் அப்பா, குழியை மூடிய தகரத்தின் மேல் நின்றபடி.

என் அம்மா ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னைக்குக் குடுப்பீக மதினி, எப்பவுமா குடுப்பீக?" செல்வியின் அம்மா வாங்காமலே போய்விட்டார்.

சீசன் நேரம், அவரால் வேலையை விட முடியாது. ஆகவே தண்ணீருக்குச் செல்வி போனாள். பெருங்குழாயின் காற்று வெளியேறுவதற்காகச் சிவகாசி ரோட்டில் வைத்திருந்த "ஏர்வால்வு" சொட்டுச் சொட்டாகக் கசியும். அதன் கீழே குடத்தை வைத்துக் காலையெல்லாம் உட்கார்ந்திருப்பாள். முதலில் பள்ளிக்கூடத்தின் முதல் மணி தவறியது, பிறகு நாட்கள், பிறகு பள்ளிக்கூடமே. நான் பையை மாட்டிக்கொண்டு ரோட்டின் மறுபக்கமாக நடந்தேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாராளமாகக் குளிப்பது எனக்கும் பிடித்திருந்தது.

இப்போது குழிகளை மூடி சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் குழாய், மாடியில் கறுப்புத் தொட்டி. போன மாதம் ஊருக்குப் போனபோது, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் குழாயில் காது வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. செல்வி வீடு இருந்த இடத்தில் பாறை மட்டும் வெயிலில் கிடக்கிறது.

அவர்கள் ஆலங்குளத்து மாமா வீட்டுக்குப் புறப்பட்ட காலையில், லோடு ஏற்றிய வண்டியில் காலிக் குடங்களுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முந்தின வீட்டுக்காரர் கடப்பாரையோடு தன் குழிக்குள் இறங்கி, அதை இன்னும் ஆழமாக்க இடித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வருவ?" என்று கேட்டேன்.

பழைய பழக்கத்தில் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"இனி உங்க வீடுதாம்ட்டி கடைசி."