பின்பக்கத்துக்கு எந்த எழுத்து

போன கிழமை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், போட்டோ கொப்பி எடுக்கும் கடையில் முக்கால் மணி நேரம் நின்றேன். என் அடையாள அட்டையை இரண்டு மாதத்துக்கு முன்னால் அங்கேதான் ஸ்கேன் பண்ணித் தந்தார்கள். அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். கம்பியூட்டரில் இருக்கும், எடுத்துத் தருகிறேன் என்றாள் கடைப் பிள்ளை. நல்ல பிள்ளை, முகம் சுளிக்காமல் தேடினாள். தேடத் தேடப் பைல் பெயர்களை வாய்விட்டு வாசித்தாள். நியூ, நியூ நியூ, ஸ்கேன் ஒன்று, பைனல், பைனல் கடைசி, ஆன்ட்டி, வேற ஆன்ட்டி. அந்த 'வேற ஆன்ட்டி' நானாக இருக்கலாம் என்று திறந்து பார்த்தோம். யாரோ ஒருவரின் கரண்ட் பில்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பேர் வைக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு மகள். முதல்ல ஆள், பிறகு சாமான், பிறகு நம்பர். நம்பருக்கு முன்னாடி சைபர் போடணும். கடைசியில எந்தப் பக்கம்னு ஒரு எழுத்து" என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி ஐடீயிலயா வேலை செஞ்சீங்க?"

"ஆமா. மிலிட்டரி பக்கம்."

எனக்குப் பின்னால் நின்ற மனிதர் மரியாதையாக ஓரடி தள்ளி நின்றார். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உங்களுக்குத்தான் முழுக் கதையையும் சொல்கிறேனே.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருந்தேன். தோட்டம் என்றால் மலைநாட்டில் நான் பிறந்த தேயிலைத் தோட்டம் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே முப்பது குடும்பம் இருக்கும் கொழும்புத் தோட்டம். டெலிபோன் வயர் வழியாக இன்டர்நெட் கிரீச்சிட்டுக்கொண்டு வந்த காலம் அது. கொம்பனித்தெருவில் ஒரு வீட்டுக்குக் கிழமையில் மூன்று நாள் கூட்டித் துடைக்கப் போவேன். வீட்டுக்காரர் துவான் சேர். மலாய் வழி வந்த மலே ஆள், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து பென்சன் வாங்கியவர். வீட்டுக்குள் காலை வைத்தவுடன் பூச்சி உருண்டை மணமும் பழைய பித்தளை மணமும் சேர்ந்து வரும். பதினொரு மணி போல அடுத்த வீட்டில் பாபத் கறி, அதுதான் குடல் கறி, கொதிக்கிற மணம் வந்து மற்ற இரண்டையும் அடித்துக்கொண்டு போய்விடும். இன்றைக்கும் எங்கேயாவது பூச்சி உருண்டை மணம் வந்தால் எனக்குப் பசிக்கிறது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

பித்தளை மணம் பட்டன்களில் இருந்து வருவது. துவான் சேர் பழைய பட்டாளங்களின் சட்டைப் பட்டன், தொப்பி பேட்ஜ், தோளில் குத்தும் பித்தளை எழுத்து எல்லாம் சேர்த்தவர். அவருடைய பாட்டன் வழியில் யாரோ வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தில் இருந்தார்களாம். அந்த ஒரு பட்டனில் தொடங்கி இரண்டு அலுமாரி நிறைந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே நான் ஒரு தட்டுப் பட்டனைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பச்சைக் களிம்புதான் பட்டனின் பிறப்புச் சான்றிதழ் என்று பிறகு சொன்னார். அன்றிலிருந்து புளி குழம்போடு சரி.

இவற்றையெல்லாம் இன்டர்நெட்டில் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. உலகத்தில் எங்கே யார் கையில் ஒரு பழைய பட்டன் கிடைத்தாலும், அது எந்தப் பட்டாளம், எந்தக் காலம் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு இடம். ஒபிஸில் வேலை செய்யும் அவருடைய மருமகள் நூரியா சனி ஞாயிறுகளில் வந்து பக்கங்களைச் செய்து தருவாள். ஆனால் ஒவ்வொன்றையும் ஸ்கேனரில் வைத்துப் பெயர் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். சேருக்குக் கை நடுக்கம், கண்ணில் வேறு பூ விழுந்திருந்தது.

ஒரு நாள் நான் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு நிற்கும்போது கேட்டார். "புள்ள, இங்கிலீஸ் எழுத்துத் தெரியுமா?"

"தெரியுங்க சேர்" என்றேன்.

எழுத்துத் தெரியுமா என்றுதான் கேட்டார். வாசிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லையே. மூன்றாம் வகுப்போடு நின்ற நான் தமிழையே தட்டித் தடவித்தான் வாசிப்பேன். இங்கிலீஸில் என் மகளின் பள்ளிக்கூடக் கொப்பியைப் பார்த்துச் சின்ன எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்திருந்தேன். முகம் தெரியும். சேர்ந்து நின்றால் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அதைச் சொன்னால் தும்புத்தடியோடு போக வேண்டியதுதான். சொல்லாவிட்டால் கதிரையில் உட்கார்ந்து செய்யும் வேலை. நான் சொல்லவில்லை. அன்று பின்னேரமே தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நான் கம்பியூட்டர் வேலைக்குப் போகிறேன் என்று. யார் சொன்னது என்று கேட்காதீர்கள்.

சேர் ஒரு தாளில் முறையை எழுதித் தந்தார். முதலில் நாட்டுக்கு மூன்று எழுத்து, பிறகு சாமானுக்கு மூன்று எழுத்து, பிறகு நம்பர், கடைசியில் எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு எழுத்து. நடுவில் வெற்றிடம் விடக் கூடாது, கீழே படுத்திருக்கும் கோடு போட வேண்டும். பெரிய எழுத்தே வேண்டாம். இப்படித்தான் இருக்கும்: bri_btn_014_f. பிரிட்டிஷ், பட்டன், பதினான்கு, முன்பக்கம். வாசிக்கத் தெரியாதவளுக்கு இதைவிட நல்ல பாஷை உண்டா சொல்லுங்கள். இங்கிலீஸ் படித்தவர்கள் இதைப் பார்த்தால் முழிப்பார்கள். எனக்கு முழிக்க ஒன்றுமில்லை, வரிசை மட்டும் போதும்.

சைபர் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் வாதாடினேன். முன்னால் நிற்கும் சைபருக்கு ஒரு மதிப்பும் இல்லையே, எதற்கு வீணாக? அது இல்லாவிட்டால் கம்பியூட்டர் வரிசையில் ஒன்றுக்குப் பிறகு பத்து வந்து நிற்கும், இரண்டு பின்னால் போய்விடும் என்றார் சேர். அதைக் கேட்டதும் விளங்கிவிட்டது. எங்கள் தோட்டத்துப் பைப்படியில் விடிய முன் வெறும் வாளியைக் கொண்டுபோய் வரிசையில் வைப்போம். வாளிக்குள் ஒன்றுமில்லை, ஆனால் இடம் பிடித்திருக்கிறது. அதன்பிறகு ஒரு சைபரை நான் மறந்ததே இல்லை.

அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருப்பேன். பஸ்ஸில் போகும்போது எடுத்துப் பார்த்துப் பழகுவேன். அதனால் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். யுத்த காலம், வழியில் செக்பொயின்ட் இருக்கும், இறங்கிப் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு ஆமிக்காரப் பையன் தாளை விரித்துப் பார்த்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். பாருங்கள், என் பயம் எங்கே போனது என்று. பிடித்துக்கொண்டு போவார்களோ என்று நான் பயப்படவில்லை. பஸ்ஸில் தெரிந்த முகங்கள் இருக்க, வாசித்துக் காட்டு என்று சொல்லிவிடுவானோ என்றுதான் பயந்தேன். "பொத்தம், மஹத்தயா. பரண பொத்தம்" என்றேன். பழைய பட்டன் என்று சொல்லிவிட்டேன். அவன் குனிந்து தன் சட்டைப் பட்டனைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டு தாளை நான் மடித்ததைவிட நேர்த்தியாக மடித்துத் தந்தான்.

இனிப் பின்பக்கத்துக்கு வருகிறேன். பட்டனில் பின்பக்கம்தான் முக்கியம். முன்பக்கத்தை எவனும் அச்சடித்துவிடலாம், செய்த கம்பெனியின் பெயர் பின்னால்தான் வெட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் அசலா போலியா என்று சொல்வார்கள். சேர் தந்த தாளில் முன்பக்க மாதிரி மட்டும்தான் இருந்தது. பின்பக்கத்தை வாயால் சொன்னார். "பின்பக்கத்துக்கு பீ போடுங்க புள்ள."

என் காதுக்கு இங்கிலீஸில் இரண்டு பீ இருக்கிறது. ஒன்றுக்கு வயிறு கீழே, b. மற்றதற்கு வயிறு மேலே, p. எந்த பீ? கேட்டிருக்கலாம்தான். ஆனால் அந்தச் சொல் தமிழில் என்ன என்று உங்களுக்கே தெரியும். தகப்பன் வயதில் இருக்கும் மனிதர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் நின்று ஒரு பெண்பிள்ளை "எந்தப் பீ, சேர்?" என்று எப்படிக் கேட்பது? நானே யோசித்து முடிவெடுத்தேன். வயிறு கீழே உள்ளது முன்னாலேயே இரண்டு தரம் வந்துவிட்டது, bri-யில் ஒன்று, btn-இல் ஒன்று. மூன்றாம் தரமும் அதையே போடச் சொல்வாரா? மாட்டார். ஆகவே p. நல்ல புத்திசாலி என்று அன்றைக்கு என்னையே மெச்சிக்கொண்டேன்.

நானூற்றுச் சொச்சம் பட்டன் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் நூரியா எல்லாவற்றையும் பக்கங்களில் ஏற்றினாள். முன்பக்கம் எல்லாம் அழகாக வந்தது. பின்பக்கத்தைத் தட்டினால் வெறும் சதுரமும் நடுவில் சிவப்புப் பெருக்கல் குறியும், அந்தப் பெயரில் படம் இல்லையாம். ஒன்றல்ல, எல்லாமே அப்படி. நூரியா கெட்டவள் இல்லை, ஆனால் கம்பியூட்டர் கிளாஸ் முடித்த ஒரு பிள்ளையை எடுங்கள் என்று முதல் நாளில் இருந்தே மாமனாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள். பெயர்களைத் திறந்து பார்த்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஒரு துண்டுத் தாளில் b ஒன்று எழுதிக் காட்டினாள்.

"ஆன்ட்டி, இது என்ன எழுத்து?"

"பீ."

பக்கத்தில் p எழுதினாள். "இது?"

"பீ."

துவான் சேர் கோப்பையைக் கீழே வைத்தார். நூரியா அவரைப் பார்த்தாள். "மாமா, இவங்களுக்கு வாசிக்கத் தெரியாது."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. கம்பியூட்டர் வேலை என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். எந்த முகத்தோடு திரும்பவும் தும்புத்தடியைத் தூக்குவது? அதைவிட, பொய்க்காரி என்று அந்த மனிதர் நினைத்துவிடுவாரே. ஆனால் மறைக்க இனி ஒன்றும் இல்லை. "தெரியாதுங்க சேர். எழுத்துத்தான் தெரியும். நீங்க அதத்தான் கேட்டீங்க" என்றேன்.

"சரி, சந்தேகம் வந்தா என்னட்டக் கேட்டிருக்கலாமே?"

"எப்பிடிங்க சேர் கேக்குறது? நீங்க தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் சிரித்தார் பாருங்கள், மேல்வரிசைக் கட்டுப்பல்லைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். நூரியாவும் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் விடவில்லை. நானூறையும் திரும்பப் பெயர் மாற்ற வேண்டும், யார் செய்வது என்று கேட்டாள்.

சேர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளிடம் கேட்டார். "எங்கயாவது ஒண்டுல சரியான பீ போட்டிரிக்காங்களா, பாருங்க."

நூரியா மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பாபத் மணம் வேறு. ரொம்ப நேரம் கழித்து, "இல்ல மாமா. எல்லாத்துலயும் இதேதான். சைபர் ஒண்டுகூட விடுபடல்ல, கோடு ஒண்டுகூட மாறல்ல" என்றாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நானூறுலயும் ஒரே பிழையா?"

"ஓம்."

"அப்ப அது பிழையில்ல புள்ள. அதுதான் சட்டம்."

நூரியா பக்கத்தின் உள்ளே எங்கேயோ போய் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாள். நானூறு பட்டனும் ஒன்றாய்த் திரும்பிப் படுத்துத் தங்கள் முதுகைக் காட்டின. சேர் உடனே புதுத் தாளில் முறையைத் திருத்தி எழுதினார். முன்பக்கம் f, பின்பக்கம் p. பிறகு எங்கெங்கோ இருந்து தங்கள் பட்டன் படங்களை அனுப்பிய வெள்ளைக்காரர்களும் அந்தச் சட்டப்படிதான் பெயர் வைத்து அனுப்பினார்கள். ஏன் p என்று ஒருவர் கேட்டு எழுதினாராம். இது எங்கள் ஊர் வழக்கம் என்று சேர் பதில் போட்டார். வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பட்டனுக்கு நான் சட்டம் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன், ஒரு நாளும் யாரும் என்னை வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. இன்றைக்கும் இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாது. அதனால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை.

துவான் சேர் போய்ச் சேர்ந்துவிட்டார். கொம்பனித்தெருவில் அவர் இருந்த ஒழுங்கையில் இப்போது வீடே இல்லை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடம் ஒன்று நிற்கிறது. பட்டன்களைப் பெட்டி பெட்டியாக யாரோ வெளிநாட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வீட்டுக் குடல் கறிக்காரி தெமட்டகொடைப் பக்கம் மாடி வீடு கிடைத்துப் போனாள் என்று கேள்வி.

நூரியாவும் இப்போது வெள்ளவத்தையில்தான், தலை நரைத்துவிட்டது. கடைக் கதையைச் சொல்லிச் சிரிக்க முந்தாநாள் அவள் வீட்டுக்குப் போனேன். சிரித்து முடிந்த பிறகு, அந்தப் பட்டன்களை ஒரு தரம் காட்டு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு போனை எடுத்து அட்ரஸை அடித்தாள். சுற்றிச் சுற்றி ஏதோ வந்து நின்றது. இங்கிலீஸில் ஒரு வரி.

"என்ன போட்டிருக்கு?" என்றேன்.

"பக்கம் இல்லையாம் ஆன்ட்டி."

"எந்தப் பக்கம்?"

போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"ரெண்டு பக்கமுந்தான்."