தம்பியின் சிறுநீரகமும் ஒரு பாதையோர ஊரும்

முதலில் கண்ணில் பட்டது சிறுநீரின் நிறம். கடும் தேநீர் போல இருந்தது. மொன்றியலுக்கு வெகு கிழக்கே, கஸ்பேசி மலைப்பாதையில், முதுகில் பையோடு ஒரு மரத்தடியில் நின்று அதைப் பார்த்தேன். காலையிலிருந்தே கால்கள் கனத்தன, வாய் உலர்ந்திருந்தது. இரண்டையும் நடையின் களைப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். நிறத்தை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தச் சிறுநீரகம் என் தம்பி அன்ரன் தந்தது.

என்னுடைய இரண்டும் செயலிழந்து, மொன்றியலில் டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல்) செய்துகொண்டிருந்த காலத்தில், அவன் தன்னுடைய ஒன்றைக் கொடுத்தான். ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு வெதுப்பகத்தில் மா மூட்டை தூக்குகிற வேலை அவனுக்கு. கொடுத்தபின் மூட்டை தூக்கும்போது விலாவில் இழுத்துப் பிடித்தது. அதை அவன் சொல்லவில்லை. அவன் மனைவி சொன்னாள்.

மாற்றுச் சிகிச்சைக்குப் பின் வந்த இரண்டாவது கோடையில், வைத்தியர்களின் அனுமதியோடு கஸ்பேசிக்குப் போனேன். வாரக்கணக்கில் நடக்க வேண்டிய பாதை அது. புறப்படும் முன், ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஒருவர், "மடு மாதா கோயிலுக்கு நடக்கிற மாதிரி நேர்த்தியோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது முழு உண்மையல்ல. அந்தப் பாதையை நடந்து முடித்து அன்ரன் முன் போய் நிற்க வேண்டும் என்றிருந்தது. அவன் தந்தது வீண்போகவில்லை என்று காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பாதை ஒரு கடலோர ஊருக்குள் இறங்கியது. நடப்பவர்கள் அங்கே குளித்து, உடுப்புத் துவைத்து, தபாலகத்தில் தங்களுக்குத் தாங்களே அனுப்பி வைத்த உணவுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். நான் நேரே சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். கிரியாட்டினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவு) இரத்தத்தில் கூடியிருந்தது.

வைத்தியர் இளம் பெண். பிரெஞ்சில் நிதானமாகக் கேட்டார்:

"எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?"

"போதுமான அளவு."

"போதும் என்று யார் முடிவு செய்தது?"

என் கைதான். டயாலிசிஸ் காலத்தில் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. மீறினால் அது நுரையீரலில் தேங்கும். அந்த வருடங்களில் பாதிக் குவளையோடு நிறுத்திவிடக் கை பழகியிருந்தது. தாகமும் அதோடு அடங்கப் பழகிவிட்டது. மாற்றுச் சிகிச்சைக்குப் பின் சட்டம் தலைகீழானது: நிறையக் குடிக்க வேண்டும். வீட்டில் மனைவி போத்தலை முன்னால் வைப்பாள். மலையில் அப்படி வைக்க ஒருவரும் இல்லை. பையில் தண்ணீர் இருந்தும் நான் உலர்ந்து போனேன்.

உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய நோயின் ஒழுக்கம் சத்திரசிகிச்சையோடு போய்விடுவதில்லை. அது நல்ல பழக்கம் போலவே கூட இருக்கும்.

நாளத்தின் வழியாக உப்பு நீர் ஏற்றினார்கள். வைத்தியர் மொன்றியலில் என்னைப் பார்க்கும் பிரிவோடு கதைத்தார். சில நாட்களில் அளவு பழைய நிலைக்கு இறங்கியது.

"நடக்கலாம், வீட்டுக்கும் போகலாம். எதைச் செய்தாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்றார் அவர்.

நான் இரண்டையும் செய்யவில்லை. அந்த ஊரிலேயே தங்கினேன்.

விடுதியில் எனக்குப் பிறகு வந்தவர்கள் வேலியில் கூடாரம் காயவைத்து, வயிறு நிறைய உண்டு, எனக்கு முன்னால் புறப்பட்டுப் போனார்கள். நான் கடலைப் பார்த்தபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நடந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று எனக்கு நானே சொன்னேன். காரணம் அதுவல்ல. வீட்டுக்குப் போனால் அன்ரனிடம் சொல்ல வேண்டும்.

டெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையோடு அவனுக்கு எடுத்தேன்.

"என்ன அண்ணை, என்ர ஆள் எப்பிடி?" சிறுநீரகத்தை அவன் அப்படித்தான் விசாரிப்பான்.

"சுகமா இருக்கிறார்."

"மலை ஏறுறாரோ?"

"ஏறினவர்."

"இப்ப எங்க நிக்கிறியள்?"

"கடல் தெரியிற இடத்தில."

மூன்று பதிலிலும் பிழை இல்லை. பொய் சொல்லாமல் செய்தியை மறைக்கும் வாக்கியங்கள் முன்பு பத்திரிகையில் வேலை செய்த எனக்குச் சிரமமில்லை.

அடுத்த கிழமை அவனுடைய தேநீர் இடைவேளையில் எடுத்தேன். பின்னால் இயந்திரச் சத்தம்.

"அண்ணை, இஞ்ச சுவரில உங்கட பாதையின்ர படம் ஒட்டியிருக்கிறம். என்ர கிட்னி மலை ஏறுது எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். குண்டூசியோட நிக்கிறன். எந்த இடத்தில குத்த?"

"குத்தாதை, தம்பி. நான் நடக்கேல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன்.

"தண்ணி குடிக்கிறதுக்கும் உங்களுக்கு ஆள் வைக்கவேணுமே?"

"பழகின பழக்கம்."

"இப்ப சரியோ?"

"ஓம். போன கிழமையே சரி வந்திட்டுது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"உன்ர சாமானைப் பழுதாக்கிப்போட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"என்ர ஆள் எண்டு நான் பகிடிக்கெல்லே சொல்லுறனான். நீங்கள் அதை உண்மையெண்டு எடுத்துக்கொண்டே மலை ஏறினனீங்கள்?"

சனிக்கிழமை அவனே காரில் வந்தான். தனியாக வந்தான். பின்னேரம் இருவரும் கடற்கரைக் கற்களில் இருந்தோம். வைத்தியர் எழுதித் தந்த அறிக்கையை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"அண்ணை, இது எத்தினை வருசத்துக்கு வேலை செய்யும்?"

கொடுக்கும் முன் அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்போது கேட்கவில்லை.

"தெரியாது. கனகாலம் ஓடலாம். ஆனா ஒருநாள் நிண்டிடும்."

"நிக்கிற நேரம் என்னட்டச் சொல்லுவியளோ? இல்லாட்டி அப்பவும் கடல்தான் தெரியுமோ?"

"சொல்லுவன்."

"சரி."

அவன் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனான். குளிர் தாங்காமல் திட்டியபடி திரும்பி வந்தான். மறுநாள் அவனுடைய காரிலேயே மொன்றியலுக்குத் திரும்பினேன். பாதையின் மிச்சத்தை நான் நடக்கவில்லை.

டயாலிசிஸ் காலத்தில் நேரம் ஓர் இயந்திரத்திலிருந்து அடுத்த தடவை அதே இயந்திரம் வரை இருந்தது. மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு, இரவல் வாங்கியவனின் நேரம் போல, ஒவ்வொரு நாளையும் நல்லபடி திருப்பிக் காட்ட வேண்டியதாக இருந்தது. இப்போது நாட்கள் சும்மா போகின்றன. அவன் சிறுநீரகத்தைப் பொருத்திய வலது அடிவயிற்றில் கை வைத்தால் தோலுக்கடியில் அது தட்டுப்படுகிறது. முன்பு கை படும்போதெல்லாம் அன்ரனை நினைப்பேன். இப்போது சில நாட்கள் முழுக்க நினைப்பதில்லை. அது என் வயிறாகவே இருக்கிறது. அவனை நினைக்கவில்லை என்று மாலையில் உணரும்போது மனம் உறுத்துகிறது. லொங்குய்க்குத் தொலைபேசி எடுக்கிறேன். சொல்வதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை.