அரைக்கைச் சட்டை

எங்கள் கூட்டுறவு வங்கிக்கு வந்த ஆய்வாளர், குன்னூர்க் குளிரில் அரைக்கைச் சட்டையோடு வந்து நின்றார். ஒல்லியான மனிதர். கீழே சமவெளியிலிருந்து வருகிறவர், ஸ்வெட்டரை மறந்துவிட்டார்போல என்று நினைத்தேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடம் அது. விற்காத தூளை மூட்டை மூட்டையாக அடகு வைத்து ஒரு ஃபேக்டரிக்காரர் எங்களிடம் கடன் வாங்கியிருந்தார். மாதாமாதம் அவருடைய கிடங்குக்குப் போய் மூட்டைகளை எண்ணிக் கையெழுத்துப் போடுவது மேலாளரான என் வேலை.

என்னோடு கிடங்குக்கு வந்த ஆய்வாளர் எண்ணவில்லை. மூட்டைகளின் வாயைப் பிரித்து, தோள்வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். மேலே நல்ல தூள். அடியில் வெறும் கழிவு. பின்வரிசை முழுக்க அப்படித்தான்.

"இத எழுதிராதீங்க சார். வெளிய தெரிஞ்சா பணத்த எடுக்கக் கூட்டம் கூடிருமுங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "பணம் போட்டவங்க யாருங்க?"

"பாதிப்பேரு எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க."

"அவங்க இங்க வந்து கைய விட்டுப் பாக்க முடியாதுங்க. அவங்களுக்குப் பதிலாத்தான் நாம விடறோம்."

என்னையும் சேர்த்துச் சொன்னதுதான் உறைத்தது. நான் ஒரு மூட்டையைக்கூடப் பிரித்ததில்லை.

அவர் எழுதினார். ஃபேக்டரிக்குக் கொடுக்கவிருந்த அடுத்த கடன் நின்றது. எனக்கு மெமோ வந்தது. வங்கி தப்பித்தது.

அடுத்த மாதம் கிடங்குக்குக் கிளம்பியபோது மனைவி வாசலில் மறித்தாள்.

"ஏனுங்க, இந்தக் குளுருல அரைக்கைச் சட்டையா?"

ஸ்வெட்டரை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.