அடுத்த எண்ணைச் சொன்ன குரல்

இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. போன ஐப்பசியில், ஒரு புதன்கிழமை, பகலிலேயே எனக்கு நடந்தது.

என் பெயர் சுகன்யா. கேலக்ஸிகளை ஆராய்கிறேன். சில கேலக்ஸிகளின் நடுப்பகுதி மட்டும் அளவுக்கு மீறிப் பிரகாசிக்கும். அவற்றைச் சுற்றி வேறு கேலக்ஸிகள் கொத்தாக இருக்கின்றனவா என்பதுதான் என் கேள்வி. கொத்து இருந்தால், பின்னால் வெகுதூரத்தில் இருப்பவற்றின் ஒளியை அதன் ஈர்ப்பு வளைத்துவிடும். படத்தில் அவை லேசாக இழுபட்டுத் தெரியும். அப்படி முந்நூறு படங்களை இரண்டு பேர் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒருத்தி நான். இன்னொருவர் என்னோடு ஆராய்ச்சி செய்யும், அப்போது போடியில் இருந்த ராஜ்கமல் அண்ணன். மறுநாள் முடிவை அனுப்பியாக வேண்டும்.

நான் குரங்கணிக்கு மேலே, மாமாவின் ஏலத்தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தேன். நெட் இல்லை. போன் மட்டும் எடுத்தது. லேப்டாப் அந்தப் படங்களின் எண்களைக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாகக் காட்டும். அடுத்து எது வரும் என்று எனக்கே தெரியாது. நான் எண்ணைப் படிப்பேன். அண்ணன் அங்கே அதே படத்தைத் திறப்பார்.

பிற்பகல் 3:40. ஜன்னலுக்கு வெளியே வெறும் மூட்டம்.

"நாப்பத்தி ஏழு," என்றேன்.

எதற்கு எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்கிறாய் என்று அண்ணன் கேட்டார். ஒரு தடவைதான் சொன்னேன்.

3:52.

"பக்கத்துல யாரு, சுகன்யா?"

"யாருமில்லண்ணே."

"ஒரு பொம்பளக் குரல் கேக்குது. ஒனக்கு முன்னாடியே நம்பரச் சொல்லுது."

லைன் கோளாறு என்றேன். ஆனாலும் எழுந்து போய்க் கதவைப் பார்த்தேன். உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

3:58.

"இருநூத்தி அஞ்சுன்னு சொல்லிருச்சு. இப்ப நீ பாரு."

திரையில் இன்னும் பழைய படம்தான். பட்டனை அழுத்தினேன்.

205.



அப்புறம்... போனிலிருந்து அல்ல... என் இடது காதை ஒட்டி... ஒரு மூச்சு.

"பதினாறு."

நான் திரும்பவில்லை.

லேப்டாப்பை மூடினேன்.

ஓடினேன்.

கைக்கடிகாரத்தில் 4:03. ஏலச்செடிகளுக்குள் விழுந்து எழுந்து, தோட்டத்தில் வேலை பார்க்கும் காளீஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனேன். என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. கடைசி ஜீப்பு வரும்வரை என் கையை விடவும் இல்லை. போனும் லேப்டாப்பும் மேலேயே கிடந்தன.

போடியில் இறங்கி நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். முந்நூறும் முடிந்துவிட்டது என்றார், சந்தோஷமாக. 4:55 வரை நான் நிறுத்தாமல் படித்தேனாம்.

"நாலு மணிக்கு மேல அந்தக் குரல் நின்னுபோச்சு. ஒன் குரல் மட்டும்தான் கேட்டுச்சு."

இரண்டு நாள் கழித்து மாமா லேப்டாப்பை எடுத்துவந்தார். நான் பார்க்காமல் விட்ட மிச்ச எண்களின் வரிசையைத் திறந்தோம். அண்ணன் கேட்டு எழுதிய வரிசையோடு ஒத்துப்பார்த்தோம். ஓர் எண்கூட மாறவில்லை.

அந்த முடிவை நாங்கள் அனுப்பவில்லை.

அதன் பிறகுதான் அண்ணன் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். போனை வைப்பதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்டேனாம். என் குரலில்தான்.

"அண்ணே... அவ எப்ப திரும்பி வருவா?"