அடித்து எழுதிய ஒரு வரி

மை தொட்ட கட்டைவிரலை அந்த அம்மா சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். விரலுக்கும் தாளுக்கும் நடுவே ஓர் அங்குலம்கூட இருந்திருக்காது. மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், மனுவில் கறை பட்டுவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தேன். அரசாங்க வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே கண் மனிதரை விட்டுவிட்டுத் தாளைப் பார்க்கப் பழகிவிடுகிறது. பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நடுச்சந்தையில் யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது அந்த முகம்.

எழுபதுகளின் கடைசியில் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. வயதானவர்கள் அதைப் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் ‘மேரி’ என்றே சொல்வார்கள். முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன் மனுக்கள் என் மேசைக்கு வரும். மகனுக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எப்படிப் பதிவது என்று கேட்பவர்களும் என்னிடம்தான் வருவார்கள். அந்த அம்மாவுக்கு ஒதியம்பட்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவர். எந்த வயலுக்கு யார் வருகிறார், கைக்குழந்தைக்காரியை எந்த ஓரத்தில் நிறுத்துவது, கூலியில் குறைத்தால் யார் போய்ச் சண்டை போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கடைசியாகச் சொன்னதை அவரே செய்துவிடுவார். இப்போது முட்டி மடங்கவில்லை, இடுப்பு குனியவில்லை. குனியாதவருக்கு வயலில் கூலி ஏது? அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு வேளை சோறு போட்டார்கள். அது அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவர்களும் கூலிக்காரிகள்தானே. தன் அரிசியைத் தானே வாங்கவேண்டும் என்றுதான் பென்ஷன் கேட்டு வந்தார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கும்முன் மனுவை உரக்கப் படித்துக் காட்டவேண்டும் என்பது விதி. பலர் அதைச் செய்யமாட்டார்கள். எங்கள் தலைமை எழுத்தர் செய்வார். பெயர், ஊர், வயது, பிள்ளைகள் இல்லை, நிலம் இல்லை என்று ஒரே ராகத்தில் படித்துக்கொண்டு போனவர், ‘எனக்கு வேறு நாதி யாரும் இல்லை என உறுதி கூறுகிறேன்’ என்ற இடத்தையும் அதே ராகத்தில் கடந்தார். அங்கேதான் விரல் பின்வாங்கியது.

‘நாதியத்துப் போவ’ என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணப் பேச்சு அல்ல. குழாயடிச் சண்டையில் எல்லா வசவும் தீர்ந்தபிறகு, இனி இவள் முகத்திலேயே விழிப்பதில்லை என்று முடிவு செய்தபிறகு, மண்ணை வாரி வீசிச் சொல்கிற சொல். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நெருப்புகூடக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அதையே தன்னைப் பார்த்துத் தானே சொல்லிக் கைநாட்டும் வைக்கச் சொன்னால் யார் வைப்பார்கள்? எங்கோ நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கிய மகானுபாவர் ஒருநாளும் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்திருக்கமாட்டார்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. மனுதாரருக்கு யாரும் இல்லை என்பதற்கு அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி சொல்லவேண்டும். அதற்காக அன்றைய கூலியை விட்டுவிட்டு இரண்டு பெண்கள் அவருடன் நடந்தே வந்திருந்தார்கள். சாட்சி என்றால், இந்தப் பெரியம்மா எங்களுடையவர் என்று சொல்வதுதான் போலிருக்கிறது என்று நினைத்து வந்தவர்கள். படித்ததைக் கேட்டதும் அவர்களில் இளையவள் முகம் வாடிப்போயிற்று. “அப்ப நாங்க யாரு பெரிம்மா?” என்றாள்.

அந்த அம்மா தலைமை எழுத்தரிடம் திரும்பினார். “புள்ள இல்ல, சரி. புருசன் பூட்டாரு, அதுவும் சரி. நாதி இல்லன்னு உங்கிட்ட எவன் சொன்னது? இதோ நிக்கறாளுங்களே, இவளுங்க இன்னா கல்லா, மண்ணா?”

இது சும்மா ஒரு வார்த்தைதான், எல்லோரும் வைக்கிறார்கள் என்று அவர் சமாதானம் சொன்னார்.

“சும்மாதான்னா உம் பேரப் போட்டு எழுதிப் பாரேன் சாமி.”

தலைமை எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கைநாட்டு இல்லாமல் மனு மேலே போகாது என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா விரலில் இருந்த மையைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு, முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

எனக்கு முதலில் அவர்மேல்தான் எரிச்சல். சோற்றுக்கு வழியில்லாதபோது இவ்வளவு வீம்பு ஆகுமா என்று நினைத்தேன். அந்த எரிச்சல் எப்போது இடம் மாறியது என்றும் எனக்குத் தெரியும். ஒருநாள் ஒதியம்பட்டுப் பக்கம் விசாரணைக்குப் போயிருந்தேன். கேழ்வரகுக் கொல்லையில் பெண்கள் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். சேலை முழுக்கச் செம்மண். முன்னால் போனவர்கள் தெரிந்தே விட்டுவைத்த புல் அது. அவர் வேலை செய்கிறார் என்று கொல்லைக்காரருக்குக் காட்டவேண்டுமே. அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. என்னைப் பார்த்ததும், “பென்ஷன் இல்லன்னா போவுது கிளார்க்கம்மா, குந்திகினு செய்யற வேலையா ஒண்ணு பதிஞ்சு குடு. உங்க ஆபீசுல எல்லாரும் அப்படித்தான செய்யறீங்க?” என்றார். முன்னால் இருந்த பெண்களிடையே சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாளெல்லாம் ஊருக்குச் சோறு விளைவித்த ஒருவரிடம், நீ அநாதை என்று ஒப்புக்கொள், அப்போது தருகிறேன் என்று சொல்ல நாம் யார் என்று கோபம் வந்தது. கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிடும், அன்றும் வந்தது.

மறுநாள் அந்தப் படிவத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தேன். தினமும் பார்க்கிற தாள், அன்றுதான் படித்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: மேலே கண்டவை அனைத்தும் உண்மை; பொய்யெனத் தெரிந்தால் தண்டனைக்கு உட்படுகிறேன். இந்த வரியே நமக்குப் போதும் என்று தோன்றியது. எங்கள் அலுவலகங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. மனுவில் அடித்தல் திருத்தல் இருந்தால், அந்த இடத்தில் மனுதாரர் கையொப்பமோ கைநாட்டோ வைத்துவிட்டால் திருத்தம் செல்லும். பெயரில் ஓர் எழுத்து, வயதில் ஓர் எண் என்று அன்றாடம் செய்வதுதான். ஒரு வரிக்குச் செய்யக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். இந்தமுறை நடவுக் கூட்டமே வந்து வராந்தாவை அடைத்துக்கொண்டு நின்றது. நான் அந்த வரியை அளவுகோல் வைத்து நேராக அடித்தேன். மேலே, ‘இதுவரை உழைத்து வாழ்ந்தேன், இப்போது உடலால் இயலவில்லை’ என்று எழுதிப் படித்துக் காட்டினேன். இன்னொருவாட்டி படி என்றார். படித்தேன். அடித்த கோட்டின்மேல் விரலை அழுத்திவைத்து, எடுக்க மனமில்லாதவர்போல் சற்று நேரம் அப்படியே இருந்தார். சாட்சிகளும் கைநாட்டு வைத்தார்கள். இது திரும்பி வரும் என்றார் தலைமை எழுத்தர். வரட்டும் சார் என்றேன்.

வந்தது. அச்சிட்ட உறுதிமொழியை மாற்ற மனுதாரருக்கு அதிகாரம் இல்லை, காரணம் கூறுக என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். நான் பதில் எழுதினேன்: மனுதாரருக்குப் பிள்ளைகளோ சொத்தோ வருமானமோ இல்லை என்பது மனுவிலேயே உள்ளது. நாதி இல்லை என்பது மட்டும் உண்மையல்ல. பொய் உறுதிமொழி தண்டனைக்குரியது எனப் படிவமே எச்சரிப்பதால், மனுதாரர் பொய் சொல்ல மறுக்கிறார். அவரைப் பொய் சொல்லும்படி இவ்வலுவலகம் கட்டாயப்படுத்தவேண்டுமா எனத் தெளிவுரை கோரப்படுகிறது.

தலைமை எழுத்தர் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். வேலை நிரந்தரமாகும்முன் இப்படி வாலாட்டினால் பாகூர் மூலைக்குத் தூக்கியடித்துவிடுவார்கள் என்றார். பிறகு, “அந்தம்மா என்னக் கேட்டாங்களே, உம் பேரப் போட்டுப் பாருன்னு. வூட்டுல போய் எழுதிப் பாத்தேம்மா. முடியல” என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

தெளிவுரை எதுவும் வரவில்லை. பென்ஷன் உத்தரவுதான் வந்தது. முதல் மணியார்டர் வந்த அன்று, இது நாதியத்தவ பணமா, உழைச்சவ பணமா என்று தபால்காரரை நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினாராம். அவரைப் பார்த்து வேறு சிலரும் அந்த வரியை அடிக்கச் சொன்னார்கள். உடனே, அடித்தல் உள்ள மனுக்கள் ஏற்கப்படாது என்று மேலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. பின்னர் அச்சான படிவத்தில் ‘நாதி’ போய் ‘ஆதரவற்றவர்’ வந்தது. கொஞ்சம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிய அதே வசவு. எங்களால் மாறியது என்று பெருமை பேசமாட்டேன். என்னைப் பாகூருக்கு மாற்றியது மட்டும் எங்களால்தான். அங்கே இருந்தபோதுதான் அந்த அம்மா இறந்த செய்தி வந்தது. நடவு நாளாக இருந்தும் அன்று ஒதியம்பட்டில் ஒரு பெண்ணும் வயலில் இறங்கவில்லையாம்.

நான் ஓய்வுபெற்று நாளாகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றவர்கள் போய்விட்டார்கள், கூடப்பிறந்தவர் இல்லை. இரவில் காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டிக் கேட்க ஆள் கிடையாது. உள்ளபடி பார்த்தால் அந்தப் படிவத்தின் வரி எனக்குத்தான் பொருந்தும். ஆனால் எனக்குப் பென்ஷன் எழுதியபோது ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எனக்கு யாரும் இல்லை என்று சாட்சி சொல்ல இருவரைக் கூட்டிவரச் சொல்லவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, நீங்கள் உழைத்த உழைப்புக்கு இது உங்கள் உரிமை மேடம் என்றார்கள்.