புள்ளிக்கோட்டில் எங்கள் பாதை

ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்திலிருந்து மாரியம்மன் கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை தோட்டத்தை நிர்வகித்த முன்னொரு காலத்துத் துரைதான் வெட்டிக் கொடுத்தார் என்று எங்கள் குடும்பம் நம்பியிருந்தது. அந்த நன்றிக்காகவே திருவிழாவின் முதல் பூசைத் தட்டு ஆண்டுதோறும் துரையின் பங்களாவுக்குப் போனது.

போன ஆண்டு வந்த புதிய துரை, தேயிலைக்குள் யாரும் நடக்கக் கூடாதென்று பாதைக்குக் குறுக்கே முள்கம்பி அடித்தார். வெள்ளிதோறும் கோயிலில் விளக்கேற்றிவந்த அம்மா வீட்டோடு முடங்கிப்போனார். நான் பதுளைக்குச் சென்று பழைய நில அளவைப் படமொன்றின் பிரதியை வாங்கி வந்தேன். அதில் பங்களாவே இல்லை. லயமும் கோயிலும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளிக்கோடு வளைந்து சென்றது.

அம்மா அந்த வளைவில் விரலை வைத்தார். “இது நம்ம வழுக்குப் பாறைடி. படம் போட்டவரும் நம்மாளுங்க பின்னாலதான் மூச்சு வாங்க ஏறியிருப்பாரு.”

“பங்களா வர்றதுக்கு முந்தியே பாதை இருக்கும்மா. எந்தத் தொரையும் வெட்டல. நம்மாளுங்க நடந்தே உண்டாக்குனது.”

“அடப்பாவமே! அப்ப இத்தன வருசமா தேங்கா பழமெல்லாம் சும்மாவா குடுத்தோம்?” என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

படத்தைத் துரையிடம் காட்டினேன். பங்களாவுக்கும் முந்திய பாதைதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். மறுநாளே கம்பியை அகற்றச் செய்தார். அவருக்கும், எங்களவர் கால்தடத்தை ஒரு கோடாக மதித்து வரைந்த அந்தப் பெயரறியாத மனிதருக்கும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

லயத்தில் பலரும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். பாதையைப் புல் மூடிவிடாதிருக்க, வெள்ளிக்கிழமைகளில் அம்மாவும் நானும் அதில் நடக்கிறோம்.